சட்டக் கூலி உயரும்போது ஆளைக் குறைக்கும் முன் எண்ண வேண்டியவை

குறைந்தபட்ச ஊதியம், அதாவது சட்டக் கூலி, 10 சதவீதம் உயர்கிறது என்று அறிவிப்பு வந்ததும், பல முதலாளிகளின் மனதில் ஓடும் முதல் கணக்கே தப்பாகிவிடுகிறது. "செலவு 10 சதவீதம் ஏறிவிட்டது, இனி யாரை நிறுத்துவது?" என்று யோசிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். உண்மையில் ஏறியிருப்பது மொத்தச் செலவு அல்ல, சம்பளத்தின் ஒரு பகுதிதான். அந்தப் பகுதி எவ்வளவு என்று தாளில் போட்டுப் பார்க்காமல் எடுக்கும் முடிவால் தொழிலும் கெடும், அங்கே வேலை செய்கிறவர்களின் வாழ்க்கையும் கெடும்.

ஒரு நிறுவனத்தின் மொத்தச் செலவு 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதில் சம்பளம் 30 பங்கு. அந்த 30இல் பாதி, அதாவது 15 பங்குதான் சட்டக் கூலி அளவில் வாங்குகிறவர்களுக்குப் போகிறது. 15இல் 10 சதவீதம் என்றால் 1.5. ஆக, மொத்தச் செலவு ஏறுவது 1.5 சதவீதம். சம்பளத்தை அடிப்படையாக வைத்துக் கணக்கிடும் மற்றவையும் கூடவே ஏறும்: ஓவர்டைம், விடுப்புச் சம்பளம், போனஸ், காப்பீட்டுக்கும் ஓய்வு நிதிக்கும் நிறுவனம் கட்டும் பங்கு. எல்லாம் சேர்த்தால் 2 என்று வரலாம்.

அதே 10 சதவீத உயர்வை, சம்பளமே 80 பங்காக இருக்கும் துப்புரவு அல்லது காவல் ஒப்பந்த நிறுவனத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே ஏறக்குறைய எல்லோரும் சட்டக் கூலியில் இருப்பார்கள். செலவு 8 சதவீதம் ஏறிவிடும். முதல் நிறுவனம் சின்னச் சின்னத் திருத்தங்களில் சமாளித்துவிடும். இரண்டாவது நிறுவனம் வாடிக்கையாளரோடு உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும். நம் எண் எது என்று தெரிந்த பிறகுதான் மற்ற எல்லா யோசனைக்கும் அர்த்தம் உண்டு.

தேதி முன்பே தெரியும்

குறைந்தபட்ச ஊதியச் சட்டம் நேற்று வந்தது அல்ல. 1894இல் நியூசிலாந்து, 1896இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, 1909இல் பிரிட்டன் என்று ஒவ்வொன்றாக இறங்கின. 1928இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இதற்கென்றே 26ஆம் எண் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இத்தனை காலத்துக்குப் பிறகும் இந்த உயர்வைத் திடீர் மழைபோல எதிர்கொள்ளத் தேவையில்லை.

பல நாடுகளில் இதற்கு ஒரு நாள்காட்டி இருக்கிறது. பிரிட்டனில் புதிய அளவு ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வரும், சில மாதங்களுக்கு முன்பே அறிவித்துவிடுவார்கள். ஜெர்மனியில் 2025 ஜூனில் குறைந்தபட்ச ஊதிய ஆணையம் கூடி, 2026க்கு மணிக்கு 13.90 யூரோ, 2027க்கு 14.60 யூரோ என்று இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்தே சொல்லிவிட்டது. பிரான்ஸில் ஒவ்வோர் ஜனவரியிலும் மாற்றம் வரும். இடையில் விலைவாசிக் குறியீடு 2 சதவீதம் ஏறிவிட்டால் கூலியும் தானாக ஏறிவிடும். அமெரிக்காவில் மத்திய அரசின் அளவு 2009 ஜூலையிலிருந்து மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. ஆனால் பல மாநிலங்களும் நகரங்களும் அதைவிட அதிகமாகத் தங்கள் அளவை வைத்திருக்கின்றன. அங்கே மத்திய எண்ணை மட்டும் பார்த்துச் சம்பளம் போடுகிறவர் சட்டத்தை மீறுகிறார் என்பதே அவருக்குத் தெரியாமல் போகலாம்.

அதனால் நம் இடத்தில் யார் தீர்மானிக்கிறார்கள், எந்த மாதத்தில், எதை வைத்து என்ற மூன்றையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். விலைவாசியோடு கட்டப்பட்ட அளவு என்றால், அடுத்த உயர்வு எவ்வளவு வரும் என்பதை ஓரளவு நாமே கணித்துவிடலாம்.

கொடுக்கிறோம் என்று நினைப்பதும் உண்மையில் கொடுப்பதும்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சட்டக் கூலிக்குக் கீழே போகிறவர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறவர்கள் அல்ல. நேர்மையாக நடத்துகிறவர்களும் கணக்கில் வராத நேரத்தாலும் கவனிக்காத பிடித்தத்தாலும் கீழே இறங்கிவிடுகிறார்கள். கூலி உயரும்போது இந்த ஆபத்து இன்னும் கூடும், ஏனென்றால் முன்பு சட்ட அளவுக்கும் நாம் கொடுத்ததற்கும் நடுவே இருந்த இடைவெளி மறைந்துவிடும். முன்பு 5 சதவீதம் கூடுதலாகக் கொடுத்திருந்தால், தினமும் கணக்கில் ஏறாத இருபது நிமிடத்தை அது மூடிக்கொண்டிருந்தது. சரியாகச் சட்ட அளவில் நிற்கும்போது அந்த இருபது நிமிடமே மீறலாகிவிடும்.

எந்த இருபது நிமிடம்? கதவு திறக்கும் முன் வந்து இடத்தைத் தயார் செய்வது, மூடிய பிறகு கல்லாக் கணக்கை நேர் செய்வது, வெளியே போகும்போது பை சோதனைக்கு வரிசையில் நிற்பது, இயந்திரம் சூடாகும்வரை காத்திருப்பது, ஒரு வாடிக்கையாளர் வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவது. எது வேலை நேரம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் நிறுவனத்தின் தேவைக்காக, நிறுவனம் சொன்ன இடத்தில் ஒருவர் இருக்கிறார் என்றால் அதை வேலை நேரமாகவே எடுத்துக்கொள்வது நல்லது. சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அது அவருடைய வாழ்நாளின் ஒரு துண்டு. அதற்குக் காசு கொடுப்பதுதான் நியாயம்.

அடுத்தது பிடித்தம். சீருடை, கருவி, கல்லாவில் குறைந்த பணம், தங்குமிடம் என்று எதைப் பிடித்தாலும், பிடித்த பிறகு மிஞ்சுவது சட்ட அளவைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிரிட்டனில் சீருடைக்கான செலவைத் தொழிலாளர் தலையில் கட்டியதால் மாட்டிக்கொண்ட நிறுவனங்கள் பல. அங்கே அரசு அப்படிப்பட்டவர்களின் பெயரைப் பகிரங்கமாக வெளியிடுகிறது. குறைத்துக் கொடுத்த தொகையோடு, அதைப்போல இரண்டு மடங்குவரை அபராதமும் உண்டு.

மாதச் சம்பளத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சட்டக் கூலி மணிக்கணக்கில் நிர்ணயிக்கப்பட்ட இடத்தில், 26 வேலை நாளுக்கு, அதாவது 208 மணி நேரத்துக்குச் சரியாகக் கட்டுப்படியாகும் சம்பளம், 27 வேலை நாள் வரும் மாதத்தில் 216 மணி நேரத்துக்குப் போதாது. ஆண்டுச் சராசரியை ஏற்கும் நாடுகளில் கவலையில்லை. மற்ற இடங்களில் மாதாமாதம் வகுத்துப் பார்க்க வேண்டும். இளையோருக்குத் தனி அளவு வைத்திருக்கும் நாடுகளில் பிறந்தநாளும் முக்கியம். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் 21 வயதிலேயே முழு அளவு கிடைக்கிறது. ஒருவருக்கு 21 ஆனதைச் சம்பளப் பிரிவு கவனிக்காவிட்டால், யாரும் வேண்டுமென்று செய்யாமலே தவறு நடந்துவிடும்.

உருப்படிக் கணக்கில் கூலி கொடுப்பவர்களுக்கு பிரிட்டனின் விதியில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. சராசரி ஆள் ஒரு மணி நேரத்தில் எத்தனை முடிக்கிறார் என்று சோதித்துப் பார்த்து, அதிலிருந்து வரும் உருப்படி விலையை 1.2ஆல் பெருக்கச் சொல்கிறார்கள். மணிக்கூலி 120, சராசரி ஆள் முடிப்பது 12 உருப்படி என்றால், உருப்படிக்கு 10 அல்ல, 12 தர வேண்டும். சராசரி என்றாலே பலர் அதற்குக் கீழேதான் இருப்பார்கள். கை பழகாத புதியவரும் வயதானவரும் சட்டக் கூலிக்குக் கீழே விழாமல் இருக்கத்தான் இந்தக் கூடுதல் பங்கு. இந்த விதி இல்லாத நாட்டிலும் கூலி உயரும்போது உருப்படி விலையை இப்படித் திருத்தி அமைக்கலாம்.

இதற்கெல்லாம் அடிப்படை, நேரப் பதிவு. ஜெர்மனியில் கட்டுமானம், உணவகம் போன்ற துறைகளில் வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், மொத்த நேரம் மூன்றையும் ஏழு நாளுக்குள் எழுதி, இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். பதிவைச் சுமையாகப் பார்க்கிறவர்கள் உண்டு. ஆனால் தகராறு என்று வந்தால் நேர்மையான முதலாளியைக் காப்பாற்றுவது அந்த நோட்டுதான்.

மேல்படியில் இருப்பவர்

கூலி உயர்வில் அதிகம் பேசப்படாதவர் மூன்று நான்கு வருடமாக வேலை பார்க்கும் தொழிலாளி. புதியவருக்கு மணிக்கு 100, மூன்று வருட அனுபவம் உள்ளவருக்கு 108, மேற்பார்வையாளருக்கு 120 என்று இருந்தது. சட்டக் கூலி 110 ஆகிறது. சட்டம் கேட்பதை மட்டும் செய்தால் புதியவரும் 110, அனுபவசாலியும் 110. மேற்பார்வையாளர் 120இலேயே நிற்கிறார்.

அன்று மாலை அந்த மூன்று வருடக்காரர் என்ன நினைப்பார்? நேற்றுச் சேர்ந்தவருக்கு வேலை கற்றுக்கொடுப்பவரே அவர்தான். அவருடைய மூன்று வருடத்துக்கு இப்போது மதிப்பு பூஜ்யம். மேற்பார்வையாளரும், பொறுப்பைத் தலையில் சுமந்து இந்த 10க்காகவா என்று யோசிப்பார். இவர்கள் சண்டை போடுவதில்லை. சில மாதம் கழித்து அமைதியாக வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இவர்களோடு வேலையின் நுணுக்கமும் போய்விடும்.

நிறுவனங்களுக்கு இடையிலும் இதேதான் நடக்கும். சட்ட அளவைவிட 10 சதவீதம் கூடுதலாகக் கொடுத்து நல்ல ஆட்களைப் பிடித்து வைத்திருந்த நிறுவனம், உயர்வுக்குப் பிறகு எல்லோரும் கொடுப்பதைத்தான் கொடுக்கிறது. எந்த விதியையும் மீறவில்லை, ஆனால் இருந்த ஒரு பலம் போய்விட்டது. ஜெர்மனி 2015இல் முதன்முறையாக நாடு முழுவதற்கும் 8.50 யூரோ என்று கொண்டுவந்தபோது என்ன நடந்தது என்பதைப் பின்னாளில் ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், குறைந்த கூலிக்காரர்கள் வேலையை இழக்கவில்லை, அவர்களில் பலர் சிறிய, திறன் குறைந்த நிறுவனங்களை விட்டுப் பெரிய, திறன் கூடிய நிறுவனங்களுக்கு மாறினார்கள் என்று கண்டார்கள். சிறு நிறுவனம் நடத்துகிறவர்கள் இதை ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

அப்போ என்ன செய்யலாம்? பழைய இடைவெளியை அப்படியே வைத்து 110, 118, 130 என்று கொடுக்க முடிந்தால் அதைவிடச் சிறப்பு இல்லை. முடியாதபோது 110, 115, 125 என்று பாதிக்கு மேற்பட்ட இடைவெளியையாவது காப்பாற்றி, மீதி எந்த மாதத்தில் வரும் என்பதையும் எழுத்தில் சொல்லிவிடலாம். வருடத்துக்குக் கொடுத்த இடைவெளியைத் திறமைக்குக் கொடுப்பதாக மாற்றுவது இன்னொரு வழி. இரண்டு இயந்திரம் தெரிந்தவருக்கு ஒரு படி, புதியவருக்குக் கற்றுக்கொடுப்பவருக்கு ஒரு படி. எனக்கு இதுதான் பிடித்த வழி, ஏனென்றால் கொடுக்கும் பணத்துக்கு நிறுவனத்துக்கும் ஏதோ ஒன்று கிடைக்கிறது, தொழிலாளிக்கும் அடுத்த படி எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. எந்த வழியானாலும், முதலில் போட்ட கணக்கில் இந்த மேல்படிச் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பலர் இதை விட்டுவிட்டுப் பிறகு திணறுகிறார்கள்.

அந்தப் பணம் எங்கிருந்து வரும்

சட்டக் கூலி உயர்வுக்கும் சாதாரணச் செலவு உயர்வுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம் கட்டட வாடகை ஏறினால் அது நமக்கு மட்டும். சட்டக் கூலி ஏறினால் எதிர்க்கடைக்காரருக்கும் அதே நாளில் ஏறுகிறது. அதனால்தான், சாதாரண நாளில் விலையை ஏற்றப் பயப்படுகிறவர்கூட இந்தச் சமயத்தில் கொஞ்சம் ஏற்ற முடிகிறது.

ஹங்கேரி இதற்கு நல்ல உதாரணம். அங்கே 2001இல் குறைந்தபட்ச மாத ஊதியம் 25,500 போரின்டிலிருந்து ஒரே தாவலில் 40,000 ஆனது, 2002இல் 50,000. இவ்வளவு பெரிய உயர்வுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று பீட்டர் ஹரஸ்டோஷி, அட்டிலா லிண்ட்னர் என்ற இருவர் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய முக்கால் பங்கை விலை உயர்வு வழியாக வாடிக்கையாளர்கள் கொடுத்திருந்தார்கள், கால் பங்கு முதலாளிகளின் லாபத்திலிருந்து போயிருந்தது. வேலை இழப்பு சிறியதாகவே இருந்தது. ஆனால் வெளிநாட்டுச் சரக்கோடு போட்டியிடும் துறைகளில் மட்டும் அது அதிகம். காரணம் எளிது. எல்லை தாண்டி இருக்கும் போட்டியாளருக்குக் கூலி உயரவில்லை, அதனால் விலையை ஏற்ற வழியில்லை.

இந்த விவாதத்தில் எல்லோரும் சொல்லும் ஆய்வு 1992 ஏப்ரல் 1 அன்று நியூஜெர்சி மாநிலம் கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கியபோது நடந்தது. பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் அங்கேயும் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவின் கிழக்குப் பகுதியிலுமாக 410 துரித உணவகங்களை ஒப்பிட்டார்கள். நியூஜெர்சியில் வேலைவாய்ப்பு குறைந்ததற்கு அடையாளம் கிடைக்கவில்லை. சம்பளப் பதிவேடுகளை வைத்து டேவிட் நியூமார்க்கும் வில்லியம் வாஷரும் வேறு முடிவுக்கு வந்தார்கள், விவாதம் நீண்டது. கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆள்குறைப்பு தவிர்க்கவே முடியாத விளைவு அல்ல என்பதை மட்டும் இதிலிருந்து ஒரு முதலாளி எடுத்துக்கொள்ளலாம். உயர்வு எவ்வளவு, எந்தத் துறை என்பதைப் பொறுத்து அது மாறும்.

விலையை ஏற்றுவதென்றால் எல்லாவற்றையும் ஒரே அளவில் ஏற்றாதீர்கள். எந்தப் பொருளில், எந்தச் சேவையில் மனித உழைப்பு அதிகமோ அங்கே செலவு உண்மையில் கூடியிருக்கிறது. விலையை ஒப்பிட்டுப் பார்த்து வாங்கும் பொருளை விட்டுவிட்டு, உழைப்பு அதிகம் உள்ளதில் திருத்தலாம்.

ஒப்பந்தத்துக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களுக்கு விலை கையில் இல்லை, கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு ஒரே தொகை என்று ஒப்புக்கொண்டு, இரண்டாவது வருடம் கூலி ஏறியதும் விழி பிதுங்குகிறார்கள். பிறகு ஆளைக் குறைக்கிறார்கள், அல்லது தொழிலாளியின் சம்பளத்தில் கை வைக்கிறார்கள். சட்டக் கூலி ஏறினால் ஒப்பந்தத் தொகையும் அதே விகிதத்தில், அதே தேதியிலிருந்து ஏறும் என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால் இது நடக்காது. வேலை கொடுக்கும் பெரிய நிறுவனத்துக்கும் அந்த வரி நல்லதுதான். ஜெர்மனி உட்படப் பல நாடுகளில், ஒப்பந்ததாரர் குறைந்தபட்ச ஊதியம் கொடுக்காவிட்டால் வேலையைக் கொடுத்த நிறுவனமே அதற்குப் பொறுப்பு. அடிமாட்டு விலைக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டு, எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

வேலைக்குள் இருக்கும் பணம்

ஒருவர் வேலையை விட்டுப் போனால் ஆகும் செலவு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் தனி வரியாக இருக்காது. விளம்பரம், நேர்காணல், புதியவர் பழகும்வரை வீணாகும் சரக்கு, அவருக்குச் சொல்லிக்கொடுக்க அனுபவசாலி செலவழிக்கும் நேரம், நடுவே ஆள் இல்லாத நாட்களின் ஓவர்டைம் என்று பல இடத்தில் சிதறிக் கிடக்கும். போன வருடம் எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணி, ஒருவருக்கு இவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள். அந்தத் தொகையைக் கூலி உயர்வுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலையில் 1913இல் இந்த ஆள் மாற்றம் 370 சதவீதம். பதிமூன்று பதினான்காயிரம் பேரை வைத்திருப்பதற்காக அந்த ஒரு வருடத்தில் 50,000க்கும் மேற்பட்டவர்களை எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர், 8 மணி நேரம் என்று அறிவித்த பிறகு அந்த ஆண்டில் அது 54 சதவீதமாக இறங்கியது. அது சட்டம் கேட்ட உயர்வு அல்ல. அந்த 5 டாலரில் ஏறக்குறைய பாதி லாபப் பங்கு என்ற பெயரில், தொழிலாளியின் வீட்டு வாழ்க்கையைச் சோதித்துப் பார்த்த பிறகே தரப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது ஏற்கத்தக்கதல்ல. ஆனால் கூலிக்கும் ஆள் நிலைப்பதற்கும் உள்ள தொடர்பை அந்த எண்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

சட்டக் கூலி உயர்வில் மற்ற இடங்களிலும் அதே அளவு ஏறுவதால், அது மட்டுமே ஆளைப் பிடித்து வைக்காது. வேலை நேர அட்டவணை இரண்டு வாரம் முன்பே கையில் கிடைப்பது, ஷிப்ட் கடைசி நிமிடத்தில் மாறாமல் இருப்பது, மரியாதையாகப் பேசும் மேற்பார்வையாளர் இவையெல்லாம் காசு கேட்காதவை, ஆனால் பக்கத்து நிறுவனத்தில் இல்லாமல் இருக்கலாம்.

வேலையின் ஓட்டத்தையும் பார்க்க வேண்டும். ஒரு வாரம், மணிக்கு மணி, எத்தனை வாடிக்கையாளர், எத்தனை ஆள் என்று எழுதினால் போதும். எந்நேரம் நான்கு பேர் சும்மா நிற்கிறார்கள், எந்நேரம் இரண்டு பேர் தவிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். சரக்கு வர இரண்டு மணி நேரம் காத்திருப்பது, ஒரே விவரத்தை மூன்று நோட்டில் எழுதுவது, கருவி ஒரு மூலையிலும் வேலை இன்னொரு மூலையிலும் இருப்பது போன்றவை எங்கே என்று அங்கே வேலை செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களைக் கேளுங்கள். ஆனால் கேட்பதற்கு முன், சொல்லும் யோசனையால் யாருடைய வேலையும் போகாது என்று உறுதி சொல்ல வேண்டும், சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் வேண்டும்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. வேலையைக் குறைக்காமல் நேரத்தை மட்டும் குறைப்பது. எட்டு மணி நேர வேலையை ஏழு மணி நேரத்தில் முடி என்றால், ஒன்று வேலை கெடும், அல்லது அந்த எட்டாவது மணி நேரம் கூலியில்லாமல் நடக்கும். ஊழியரைத் தனி ஒப்பந்ததாரர் என்று பெயர் மாற்றுவதும் அப்படித்தான். வேலை, நேரம், மேற்பார்வை எல்லாம் முன்போலவே இருந்தால் சட்டம் பெயரைப் பார்க்காது.

இன்னொரு விஷயம், பண ஓட்டம். கூலி இந்த மாதமே கூடும், ஏற்றிய விலை வாடிக்கையாளரிடமிருந்து அறுபது தொண்ணூறு நாள் கழித்துத்தான் வசூலாகும். நடுவில் வரும் இரண்டு மூன்று மாதப் பள்ளத்துக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்க வேண்டும். சில இடங்களில் உயர்வு பின்தேதியிட்டு வந்து நிலுவையும் சேர்ந்துகொள்ளும். வசூலை ஒரு வாரம் முந்தச் செய்தாலே பள்ளத்தில் ஒரு பகுதி நிரம்பிவிடும்.

புதிய கூலியில் முதல் மாதச் சம்பளச் சீட்டு தயாரானதும், கையில் கொடுக்கும் முன் நான்கு சீட்டுகளை எடுத்து, கொடுக்கும் தொகையை உண்மையாக வேலை செய்த மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள்: நேரம் அதிகம் வேலை செய்தவர், பிடித்தம் அதிகம் உள்ளவர், உருப்படிக் கணக்கில் மெதுவானவர், புதிதாகச் சேர்ந்தவர். இந்த நால்வரும் சட்ட அளவுக்குக் குறையாமல் இருந்தால் மற்றவர்களும் பெரும்பாலும் குறைந்திருக்க மாட்டார்கள். ஒருவருக்குக் குறைந்திருந்தாலும், வித்தியாசத்தை அன்றே சேர்த்து, வேறு சீட்டு அச்சடித்துக் கொடுங்கள்.